பழைய சிஸ்டத்தில் சாஃப்ட்வேர் ஏறவில்லையா? ரிப்பேர், பார்மட், லினக்ஸ், வேறு சிஸ்டம்: எது யாருக்கு?

புது பில்லிங் சாஃப்ட்வேருக்குப் பணம் கட்டியாகிவிட்டது. போட உட்கார்ந்தால் 'டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.8 வேண்டும்' என்கிறது. பல விண்டோஸ் சாஃப்ட்வேர்கள் ஓடுவதற்கு அடியில் இருக்க வேண்டிய மைக்ரோசாஃப்ட் பாகம் அது. சரியென்று அதை இறக்கிப் போட்டால், பச்சைக் கோடு முக்கால்வாசி வரை போய், அப்படியே பின்னால் ஊர்ந்து வந்து, சிவப்புப் பெருக்கல் குறியோடு நின்றுவிடுகிறது. அம்பாசமுத்திரத்து மளிகை மொத்தக்கடையோ, பாளையங்கோட்டை ஜெராக்ஸ் கடையோ, முக்கூடல் பக்கத்துப் பீடிக் கம்பெனியின் கணக்கறையோ, எங்கே போனாலும் இதே கதைதான். அதற்குள் பக்கத்துக் கடைக்காரர் "பார்மட் அடிச்சிருங்க" என்பார். மெக்கானிக் "போர்டே பழசு, மாத்திருங்க அண்ணாச்சி" என்பார். காலேஜில் படிக்கிற பையன், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸைப் போடலாம் என்பான்.

எல்லாமே நடக்கக்கூடிய யோசனைதான். ஆனால் எல்லாமே சிஸ்டத்தின் வயதைப் பார்த்துச் சொல்லப்படுகிற யோசனை. நான் அப்படிப் பார்ப்பதில்லை. சாஃப்ட்வேர் எதனால் நின்றது, அந்த சிஸ்டத்தை நம்பி என்னென்ன ஓடுகிறது, இந்த இரண்டையும் பார்த்தால் போதும். 2008-ல் வாங்கிய, இன்டெல்லின் கோர் 2 டியோ சிப் உள்ள சிஸ்டத்தில் டீ ஆறுவதற்குள் முடிகிற வேலையும் உண்டு. அதைவிடப் பத்து வருஷம் இளைய சிஸ்டத்தில் தலைகீழாக நின்றாலும் முடியாத வேலையும் உண்டு.

முதலில், நிறுத்துவது எது?

கடிகாரத்திலிருந்து தொடங்குங்கள். சிரிக்க வேண்டாம். மதர்போர்டில் இருக்கிற சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டால், மெயினை அணைக்கும்போதெல்லாம் தேதி ஏதோ ஒரு பழைய வருஷத்துக்கு ஓடிவிடும். தேதி தப்பு என்றால் இன்ஸ்டாலரில் இருக்கிற டிஜிட்டல் கையெழுத்தை விண்டோஸ் நம்பாது. பிரவுசரும் சைட்டுகளைத் திறக்காமல் முரண்டு பிடிக்கும். ராத்திரி கடையைப் பூட்டும்போது மெயினையே இறக்கிவிட்டுப் போகிற பழக்கம் நம் பக்கத்தில் அதிகம். பேட்டரி சீக்கிரம் காலியாக அதுவே போதும். நூறு ரூபாய்க்குள் முடிகிற செலவு இது. இதைப் பார்க்காமலே பார்மட் வரை போனவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

அடுத்து, இன்ஸ்டால் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே எரரோடு நின்றால் கோளாறு பெரும்பாலும் விண்டோஸில். ஒரு தடவை பாதியில், மறு தடவை தொடக்கத்திலேயே, இன்னொரு தடவை நீலத்திரை என்று இடம் மாறி மாறி நின்றால் ரேமையும் ஹார்ட் டிஸ்க்கையும் சந்தேகப்படுங்கள். சாரல் மாதங்களில் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ரேமின் கால் பூத்துப்போவது சாதாரணம். கழற்றி, பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்து, திரும்ப மாட்டினாலே பாதிப் பிரச்சினை போய்விடும். ஹார்ட் டிஸ்க்கின் நிலைமையைக் காட்ட கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. அதில் மஞ்சளோ சிவப்போ வந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் கணக்கு ஃபைல்களைக் காப்பி எடுங்கள். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் ரிப்பேர் ஓட்டினால் இருக்கிறதும் போய்விடும்.

மூன்றாவது, விண்டோஸ் எது? எக்ஸ்பி என்றால் டாட்நெட் 4.0-வுக்கு மேல் ஏறாது, அங்கே ரிப்பேர் என்ற பேச்சே இல்லை. விண்டோஸ் 7-ல் சர்வீஸ் பேக் 1 இருந்தால் 4.8 வரை போகலாம். அடுத்து வந்த 4.8.1 அதற்குக் கிடையாது. விண்டோஸ் 10-ல் நான்காம் வரிசை டாட்நெட் கூடவே வருகிறது, 1903 பதிப்பிலிருந்து 4.8-ஏ உள்ளே இருக்கிறது. அதில் போய் 4.5-ஐப் போட்டால் 'ஏற்கெனவே இருக்கிறது' என்று திருப்பி அனுப்பும். அதை எரர் என்று நினைத்துக்கொண்டு கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலி ஜங்ஷன் வரை வருகிறவர்கள் உண்டு.

இருக்கிற விண்டோஸை வைத்தே சரிசெய்வது

செலவு இல்லை. எதுவும் அழியாது. போவது நேரம் மட்டும்தான். அதனால் என் ஓட்டு முதலில் இதற்குத்தான்.

விண்டோஸ் 7-ல் நடப்பது இது. 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் அப்டேட்டுகளுக்குப் போடும் கையெழுத்தை ஷா-1 முறையிலிருந்து ஷா-2 முறைக்கு மாற்றிக்கொண்டது. அதற்கு முன்பே அப்டேட் நின்றுபோன சிஸ்டத்துக்கு இந்தப் புதுக் கையெழுத்தைப் படிக்கத் தெரியாது. கேபி 4490628, கேபி 4474419 என்ற இரண்டு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாகிலிருந்து இறக்கி வரிசையாகப் போட்டால் படிக்கக் கற்றுக்கொள்ளும். 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்து இறக்குங்கள். சில சிஸ்டத்தில் இதற்குப் பிறகும் 'சான்றிதழ் சங்கிலியை அமைக்க முடியவில்லை' என்ற பொருளில் ஒரு செய்தி வரும். மைக்ரோசாஃப்டின் 2011-ஆம் வருஷத்து ரூட் சான்றிதழ் அதில் இல்லை என்று அர்த்தம். அந்தச் சின்ன ஃபைலை இறக்கி, லோக்கல் கம்ப்யூட்டரின் 'டிரஸ்டட் ரூட்' பகுதியில் சேர்த்துவிட்டு டாட்நெட்டை ஓட்டிப் பாருங்கள். அதுவரை அடம்பிடித்தது ஏறிவிடும்.

டாட்நெட் மாதிரியே சில சாஃப்ட்வேர்கள் கேட்கிற இன்னொரு பாகமான விஷுவல் சி பிளஸ் பிளஸ் 2015 ஏறாமல் கடைசி நாலு எண் 0017 என்று முடிகிற எரர் வந்தால், அனேகமாக சர்வீஸ் பேக் 1-ஓ கேபி 2999226 அப்டேட்டோ இல்லை. 'சிஆர்டி ரன்டைம் டிஎல்எல் காணோம்' என்று வருவதும் இதே வழக்குதான். அந்த ஒற்றை டிஎல்எல்லை மட்டும் ஏதோ ஒரு சைட்டிலிருந்து இறக்கி சிஸ்டம் ஃபோல்டரில் போடுகிற கைவேலை வேண்டாம். அந்த ஃபைலோடு வேறு என்ன வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

விண்டோஸ் 10-ல் தலைவலி பெரும்பாலும் டாட்நெட் 3.5. பழைய கணக்கு சாஃப்ட்வேர் நிறைய இதைக் கேட்கும். இது தனியாக இறக்கிப் போடுகிற சரக்கில்லை. 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் டிக் அடித்தால் விண்டோஸ் தானே அப்டேட் வழியாக இழுத்துக்கொள்ளும். சிக்கலே அங்கேதான். போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிற கடைகளில் டேட்டா போகாமலிருக்க யாராவது ஒரு புண்ணியவான் அப்டேட் சர்வீஸையே நிறுத்தி வைத்திருப்பார். 0906 என்று முடிகிற எரர், இறக்க முடியவில்லை என்கிறது. 081எஃப் என்று முடிவது, மூல ஃபைல்கள் கிடைக்கவில்லை என்கிறது. சர்வீஸை உயிர்ப்பித்து, நல்ல நெட்டில் ஒரு தடவை முயன்று பாருங்கள். அதிலும் வராவிட்டால் விண்டோஸ் பென்டிரைவில் 'சோர்சஸ்' ஃபோல்டருக்குள் 'எஸ்எக்ஸ்எஸ்' என்று ஒன்று இருக்கும். விண்டோஸோடு வருகிற டிஸ்ம் என்ற கட்டளையில் அதைக் காட்டிவிட்டால் நெட் இல்லாமலே ஏறும். சிஸ்டத்தில் இருக்கிற பதிப்பும் பென்டிரைவில் இருக்கிற பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். 22எச்2 சிஸ்டத்துக்கு 1809 பென்டிரைவைக் காட்டிவிட்டு 'இதுவும் வரலயே' என்று உட்கார்ந்திருப்பதில் பிரயோசனமில்லை.

இன்னொன்று. வீடியோ பார்த்து விண்டோஸ் 7-ல் டிஸ்மின் 'ரெஸ்டோர் ஹெல்த்' கட்டளையை அடிக்கிறவர்கள் அதிகம். அது விண்டோஸ் 8-லிருந்துதான் உண்டு. 7-க்கு சிஸ்டம் அப்டேட் ரெடினெஸ் டூல் என்று வேறு ஒன்று இருக்கிறது. இரண்டிலும் பொதுவாக ஓடுவது, விண்டோஸின் ஃபைல்களைச் சரிபார்க்கிற எஸ்எஃப்சி ஸ்கேன். மைக்ரோசாஃப்டே தருகிற டாட்நெட் ரிப்பேர் டூலையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். எதற்கும் அசையவில்லை என்றால் டெம்ப் ஃபோல்டரைத் திறந்து, டாட்நெட் செட்டப் விட்டுப்போன எச்டிஎம்எல் லாகை டபுள் கிளிக் செய்யுங்கள். அதில் சிவப்பில் இருக்கிற வரிகளைப் படித்தால் காரணம் அங்கேயே எழுதியிருக்கும்.

ரிப்பேர் செல்லாத இடம்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. நம் பக்கத்துப் பழைய சிஸ்டங்களில் நிறைய, 'லைட்' விண்டோஸில் ஓடுகின்றன. 1 ஜிபி ரேமில் வேகமாக ஓடும் என்று சொல்லி யாரோ பாகங்களைக் கழற்றிவிட்டுப் பரப்பிய விண்டோஸ் அது. வீட்டில் இரண்டு தூணை எடுத்துவிட்டு 'ஹால் விசாலமா இருக்கு' என்று விற்கிற மாதிரி. புது பாகம் எதையாவது ஏற்றும்போது விண்டோஸ் தன் பாகங்களைச் சேர்த்து வைத்திருக்கிற வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரில் தேடும். தேடுகிற பொருள் அங்கே இருக்காது. இதில் எந்த டூலை ஓட்டினாலும் வீண். டெஸ்க்டாப்பில் யாரோ ஒருவருடைய பெயரும் மண்டை ஓடு வால்பேப்பரும் இருந்தாலோ, கண்ட்ரோல் பேனலில் 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலே காலியாக இருந்தாலோ ரிப்பேரில் ஒரு நிமிஷம்கூடச் செலவழிக்காமல் நேராகப் பார்மட்டுக்குப் போகலாம்.

இன்னொரு கூட்டம், சி டிரைவில் இடம் இல்லையென்று விண்டோஸ் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் 'இன்ஸ்டாலர்' ஃபோல்டரைக் காலி பண்ணியவர்கள். போட்ட சாஃப்ட்வேரை எடுக்கவும் புதுப்பிக்கவும் விண்டோஸுக்குத் தேவையான ஃபைல்கள் அங்கேதான் இருக்கின்றன. அது போனால் பழைய பதிப்பை எடுக்கவும் முடியாது, அதன் மேல் புதியதைப் போடவும் முடியாது. சில சாஃப்ட்வேருக்கு அதே பழைய செட்டப் ஃபைல் கையில் இருந்தால் தப்பலாம். பலதும் போயிருந்தால் இதுவும் பார்மட்தான்.

பார்மட், கூடவே எஸ்எஸ்டி

பார்மட் அடிப்பதென்று முடிவானால் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே அடிக்காதீர்கள். அதைக் கழற்றி அப்படியே பத்திரமாக வைத்துவிட்டு, சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி ஒன்றைப் புதிதாக வாங்கி அதில் விண்டோஸ் போடுங்கள். ஜி31, ஜி41 போன்ற பழைய மதர்போர்டுகளில் டிஸ்க்கை இணைக்கிற வழி வேகம் குறைந்த சாட்டா 2 தான் என்பதால் எஸ்எஸ்டி முழு வேகத்துக்குப் போகாது. இருந்தாலும் பழைய டிஸ்க்கோடு பார்த்தால் வேறு சிஸ்டம் மாதிரி இருக்கும். எதையாவது மறந்துவிட்டோம் என்றால் பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டி எடுத்துக்கொள்ளலாம் என்பது அதைவிடப் பெரிய லாபம்.

மறப்பது எப்படியும் நடக்கும். வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகை அச்சகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் 7, வருஷக்கணக்காகச் சேர்ந்த பத்திரிகை ஃபைல்கள், அப்புறம் எங்கிருந்து வந்ததென்றே தெரியாத தமிழ் ஃபாண்டுகள். 'டி டிரைவில் எல்லாம் இருக்கு, சியை மட்டும் அடிங்க' என்பார்கள். அடித்து முடித்துப் பழைய பத்திரிகையைத் திறந்தால் மணமகன் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும், பாமினி வகை ஃபாண்டாக இருந்தால் புள்ளி வைத்த எழுத்துக்கெல்லாம் பின்னால் ஓர் அரைப்புள்ளி தொங்கும். ஃபாண்ட் சி டிரைவில், விண்டோஸின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் இருந்தது. சி போனதோடு அதுவும் போனது. அந்த ஃபோல்டரை முழுசாகக் காப்பி எடுத்த பிறகுதான் அச்சகத்து சிஸ்டத்தில் கை வைக்க வேண்டும். அதுவும் ஆவணி, தை முகூர்த்தத்துக்கு முந்தின வாரத்தில் கை வைக்கவே கூடாது.

லைசென்ஸ் கணக்கும் உண்டு. விண்டோஸ் 7 கீயை வைத்து 10-ஐ ஆக்டிவேட் செய்கிற வழி பல வருஷம் ஓடியது. 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அதை அடைத்துவிட்டது. அதே போர்டில் ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன 10 இருந்திருந்தால் மறுபடி போட்டாலும் தானே எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் கீ வாங்கும் செலவையும் சேர்த்துப் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றலாம் என்பவர்களுக்கு ஒரு தகவல்: 24எச்2 பதிப்பு கோர் 2 டியோவில் பூட்டே ஆகாது, அந்தச் சிப்பில் அதற்கு வேண்டிய கட்டளைகள் இல்லை.

32 பிட்டா, 64 பிட்டா என்ற கேள்வியையும் அவசரப்பட்டு முடிக்காதீர்கள். ஃபாக்ஸ்புரோ டாஸ் காலத்துக் கணக்கு சாஃப்ட்வேர்கள் 64 பிட் விண்டோஸில் திறக்காது. செட்டப் மட்டும் 16 பிட்டில் இருக்கிற பழைய சாஃப்ட்வேர்களும் அப்படியே. 32 பிட் விண்டோஸ் 10-ல் இவை ஓட வழியிருக்கிறது. ஆனால் 32 பிட்டில் 4 ஜிபிக்கு மேல் ரேம் போட்டுப் பயனில்லை, புது சாஃப்ட்வேர் பலவும் 64 பிட்டைத்தான் கேட்கும். பழையதும் வேண்டும், புதியதும் வேண்டும் என்றால் ஒரே சிஸ்டத்தில் இரண்டையும் கட்டி மேய்ப்பது கஷ்டம்.

தொங்கிக்கொண்டிருக்கும் சாமான்கள்

பீடிக் கம்பெனிக் கணக்கறையிலும் லாரி புக்கிங் ஆபீஸிலும் பழைய சிஸ்டம் இன்னும் உயிரோடு இருக்கக் காரணம் பிரிண்டர்தான். கார்பன் வைத்து மூன்று பிரதி அடிக்க டாட் மேட்ரிக்ஸை விட்டால் வேறு வழியில்லை. அந்தப் பிரிண்டர், பேரலல் போர்ட் என்கிற பழைய அகலமான சொருகியில் மாட்டியிருக்கும். புது சிஸ்டங்களில் பெரும்பாலும் அந்தப் போர்ட் கிடையாது. யுஎஸ்பி மாற்றுக் கேபிள் வாங்கிப் பிரிண்டரை ஓட்டிவிடலாம். ஆனால் அதே போர்ட்டில் சாஃப்ட்வேர் லாக் டாங்கிள் (சாஃப்ட்வேர் திறக்கச் சாவியாக மாட்டும் சின்னக் கருவி) மாட்டியிருந்தால் அந்தக் கேபிளில் அது வேலை செய்யாது. "பிரிண்டு ஓடுது, சாஃப்ட்வேர் தொறக்கல" என்று வருகிற பேச்சு இதுதான்.

இப்படிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது யாரும் பெரிதாக விற்க விரும்பாத ஒரு வழி: பழைய சிஸ்டத்தைத் தொடாதீர்கள். நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பழைய சாஃப்ட்வேரும் பிரிண்டரும் அப்படியே ஓடட்டும். வாராவாரம் கணக்கைப் பென்டிரைவில் காப்பி எடுங்கள். டாட்நெட் கேட்கிற புது சாஃப்ட்வேரையும் ஜிஎஸ்டி, பேங்க் வேலைகளையும் வேறு ஒரு சிஸ்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 7-க்குக் கடைசியாக வந்த குரோம் 109. அது 2023-லேயே நின்றுவிட்டது. டாட்நெட் ஏறிவிட்டது என்பதற்காக அதில் பேங்க் பாஸ்வேர்டை அடிக்கலாம் என்று அர்த்தமில்லை.

சாஃப்ட்வேர் கம்பெனிக்கு ஒரு போன் போட்டு, பழைய டாட்நெட்டில் ஓடுகிற முந்தின பதிப்பு இருக்கிறதா என்று கேட்பதும் நல்லது. பல சமயம் கொடுத்துவிடுவார்கள், நாம் கேட்பதில்லை.

லினக்ஸ்

லினக்ஸ் நமக்குப் புதுசு ஒன்றும் இல்லை. 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினிகளிலேயே விண்டோஸ் 7-உடன், மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னைக் கிளை செய்த பாஸ் லினக்ஸும் இருந்தது. வாங்கிய பிள்ளைகள் அதைத் திறந்தார்களா என்பது வேறு விஷயம்.

பிரவுசரும் டைப்பிங்கும் மட்டும்தான் வேலை என்றால், 4 ஜிபி ரேம் உள்ள பழைய சிஸ்டத்தில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நன்றாகவே ஓடும். காசு இல்லை, லைசென்ஸ் பயம் இல்லை, புது ஃபயர்பாக்ஸ் கிடைக்கும், தமிழ்99-ல் யூனிகோடு அடிக்கலாம். பிள்ளைகள் படிக்கிற வீட்டுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். சிப் 32 பிட் மட்டும் என்றால் தேர்வு சுருங்கிவிடும். 2025-ல் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் வகைகூட 32 பிட் இன்ஸ்டாலரை நிறுத்திவிட்டது.

கடைக்கு? யோசிக்க வேண்டும். டாட்நெட் சாஃப்ட்வேரை, விண்டோஸ் சாஃப்ட்வேரை லினக்ஸில் ஓடவைக்கிற வைன் வழியாக ஓட்டலாம் என்று சொல்வார்கள். சிலது ஓடும், சிலது ஓடுவது போலக் காட்டிவிட்டுப் பில் அடிக்கும்போது படுத்துவிடும். ஜெராக்ஸ் கடைகளில் பார்க்குமிடமெல்லாம் இருக்கிற கேனன் எல்பிபி 2900 பிரிண்டரை லினக்ஸில் ஓடவைப்பது லேசுப்பட்ட வேலையில்லை. கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்துப் பிழைக்கிறவர்கள், அந்தக் கருவிக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று கேட்காமல் இந்தப் பக்கம் வர வேண்டாம். பென்டிரைவில் லைவாக ஓட்டி, உங்கள் பிரிண்டர் ஒரு பக்கம் அடிக்கிறதா என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

வேறு சிஸ்டம்

எக்ஸ்பி சிஸ்டம், 2 ஜிபிக்கு மேல் ரேம் ஏறாத போர்டு, மதர்போர்டில் கண்டென்சர் உப்பியது, இவையெல்லாம் நேராக இங்கே வந்துவிடலாம். புதுசே வேண்டும் என்றில்லை. பெரிய கம்பெனிகள் கழித்துவிட்ட ஆபீஸ் சிஸ்டங்கள் வண்ணார்பேட்டை, ஜங்ஷன் பக்கத்துக் கடைகளிலும் கிடைக்கும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 11-க்கான எல்லை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. விண்டோஸ் 11 கேட்கிற பாதுகாப்பு வசதியான டிபிஎம் 2.0 இருக்கிறதா என்று பயாஸில் (சிஸ்டம் தொடங்கும்போது வரும் செட்டிங்ஸ் திரையில்) காட்டச் சொல்லுங்கள். எட்டாம் தலைமுறை என்று சொல்லி ஆறாம் தலைமுறையைத் தள்ளிவிடுவதும் நடக்கிறது, சிப்பின் முழு எண்ணைத் திரையில் படியுங்கள்.

போகும்போது உங்கள் சாஃப்ட்வேரின் செட்டப்பைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போங்கள். டாட்நெட், டாங்கிள் என்று நீங்கள் வாயால் விளக்குவதைவிட, "இதை இங்கன ஏத்தி ஒரு பில் அடிச்சுக் காட்டுங்க அண்ணாச்சி, அப்புறம் ரூவா தாரேன்" என்று கவுண்டரில் வைப்பது மேல். நேரமில்லை என்கிற கடையென்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.